பழைய பெட்ரோல் டிரக்குக்கு எந்த ஸ்பார்க் பிளக்: வாங்கும் முன் ஹெட்டில் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களிடம் இருப்பது 1970களின் பெட்ரோல் டிரக்; ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி, பிளக் திருகி ஏறுவது இதில்தான்), கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (தொடுமுனை திறந்து மூடிப் பொறியை உண்டாக்கி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் பழைய ரகம்). வண்டியோடு வந்த புத்தகம் இல்லை. கழற்றிப் பார்த்தால் நான்கு பிளக் ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி, எண்களும் வேறு வேறு, அதில் இரண்டு கறுத்துப் போயிருக்கின்றன. ஒருவர் "இரிடியம் போடுங்கள், இழுவை கூடும்" என்கிறார். இன்னொருவர் "ஒரு படி ஹாட் பிளக் போடுங்கள், கரி பிடிக்காது" என்கிறார். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: இந்த ஹெட்டுக்குப் பொருந்தும் பிளக் எது என்பது ஒன்று, அந்த இரண்டு பிளக் கறுத்ததற்குப் பிளக்தான் காரணமா என்பது மற்றொன்று. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணம் செலவழித்தால் புதுப் பிளக்கும் ஒரு மாதத்தில் அதே நிறத்துக்கு வந்து நிற்கும்.

பெட்ரோல் எஞ்சின்களோடு எனக்கு 25 வருடங்களுக்கு மேல் பழக்கம், பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். கீழே அளவு சம்பந்தமாகச் சொல்வதெல்லாம் உறுதியானது, யார் அளந்தாலும் அதேதான் வரும். நிறத்தைப் பார்த்துக் காரணம் சொல்வது அப்படியில்லை. அது கைப்பழக்கத்தில் வரும் ஊகம், பெரும்பாலும் சரியாக இருக்கும், சில சமயம் ஏமாற்றிவிடும். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: டீசல் டிரக்கில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. சிலவற்றில் ஹீட்டர் பிளக் இருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பொருத்தம். வண்டியிலிருந்து கழற்றிய பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் "இதே மாதிரி ஆறு கொடுங்கள்" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்வது. உங்கள் விஷயத்தில் அது ஆபத்து. ஏனென்றால் ஏற்கெனவே யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் ஆறு பிளக்கைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் பிளக்கை நம்பாமல் ஹெட்டை அளக்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று: மரையின் விட்டம், மரையின் நீளம், பிளக் போய் உட்காரும் இடத்தின் வடிவம்.

விட்டம் பெரும்பாலும் 14 மி.மீ. இருக்கும். ஆனால் பழைய டிரக் எஞ்சின்களில் 18 மி.மீ.யும் உண்டு, ஃபோர்டின் 1950கள், 60கள் எஞ்சின்கள் பலவற்றில் அதுதான். இதில் குழப்பம் வராது, தவறான விட்டம் மரையில் ஏறவே ஏறாது. குழப்பம் வருவது நீளத்தில்தான். 14 மி.மீ. பிளக்கில் வாஷர் வைத்த ரகத்தில் 12.7 மி.மீ. நீளமும் 19 மி.மீ. நீளமும் சாதாரணமாகக் கிடைக்கும், இரண்டுமே உங்கள் ஹெட்டில் அழகாக ஏறிவிடும், கையில் எந்த வித்தியாசமும் தெரியாது. நீளம் குறைந்தால் பொறி எரியும் அறைக்குள் விழாமல் ஒரு குழிக்குள் விழும், மிச்ச மரையில் கரி படிந்து கெட்டியாகும், பிறகு சரியான பிளக்கைப் போட்டால் கடைசிச் சில சுற்று ஏறாது. நீளம் கூடினால் அதைவிட மோசம்.

ஒருமுறை என்னிடம் ஒரு ஆறு சிலிண்டர் வண்டி வந்தது. ஐடிலில் டக் டக் என்று சத்தம், வண்டிக்காரர் பேரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டார். எஞ்சினைத் தொடும் முன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று வரிசையாகக் கழற்றினேன். மூன்றாவது பிளக்கின் பக்கவாட்டு எலெக்ட்ரோடு வளைந்து நடு எலெக்ட்ரோடு மேல் படிந்து கிடந்தது, கேப் (பொறி தாவ இரண்டு எலெக்ட்ரோடுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி) என்பதே இல்லை, அதன் முதுகில் ஒரு வழவழப்பான பளபளப்பு. மற்ற ஐந்தும் 12.7, இது மட்டும் 19. பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் அதைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிளக்கில் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரையில் கரி ஏறிக் கெட்டியாகியிருந்தது, வெளியே வரும்போது ஹெட்டின் மரையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஹெட்டை இறக்கி, புதிதாக மரை வெட்டி இன்செர்ட் போட்ட பிறகுதான் வண்டி போனது. ஒரே ஒரு பிளக், நீளம் 6 மி.மீ. கூடுதல், அவ்வளவுதான் தவறு.

ஆகவே அளந்துவிடுங்கள். ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல் மிகச் சிறிதாக வளைத்து, பிளக் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மரை முடிகிற உள் விளிம்பில் மாட்டி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பிளக் உட்காரும் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து ஸ்கேலில் வையுங்கள். அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் கீழே இருக்கும்படி முதலில் எஞ்சினைக் கையால் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு ஓட்டையிலும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் கடைசி மரை கரியில் மூழ்கியிருந்தால் அங்கே குட்டைப் பிளக் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது உட்காரும் இடம். சில ஹெட்டில் அது தட்டையாக இருக்கும், பிளக்கின் கழுத்தில் இருக்கும் வாஷர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். சில ஹெட்டில் கூம்பு வடிவமாக இருக்கும், பிளக்கின் கழுத்தும் கூம்பாக இருந்து உலோகத்தோடு உலோகம் உட்காரும், அதற்கு வாஷர் கிடையாது, போடவும் கூடாது. ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் அழுத்தம் கசியும், அதோடு பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் பிளக் வெந்துபோகும். டார்ச் அடித்து ஓட்டையின் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "இந்த மாடலுக்கு இந்தப் பிளக்" என்று யாராவது வருடத்தை வைத்துச் சொன்னால் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு செவ்ரோலேயின் சின்ன வி8 எஞ்சின் நல்ல உதாரணம். 1955இல் வந்தபோது அதில் வாஷர் பிளக். 1970-71 வாக்கில் அதே எஞ்சினின் ஹெட் கூம்புக்கு மாறியது, பிளக்கின் அறுகோணமும் 13/16 அங்குலத்திலிருந்து 5/8க்குச் சுருங்கியது. பிளாக் ஒரு வருடம், அதன் மேல் மாட்டிய ஹெட் வேறொரு வருடம் என்று ஓடுகிற வண்டிகள் எத்தனையோ. 50 வருடத்தில் உங்கள் வண்டியிலும் ஹெட் மாறியிருக்கலாம். ஹெட்டில் வார்ப்பிலேயே ஒரு எண் இருக்கும், அதைத் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துப் பிளக் கம்பெனியின் அட்டவணையில் எஞ்சினைக் கண்டுபிடிப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே நம்பகமானது.

இனி ஹீட் ரேஞ்ச். இதில்தான் தவறான பேச்சு அதிகம். ஹாட் பிளக் என்றால் பொறி சூடாக இருக்கும், வண்டி வேகமாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் மூக்கில் இருக்கும் பீங்கான், தான் வாங்கிய சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க வெகுதூரம் போக வேண்டும், நுனி சூடாகவே இருக்கும், அது ஹாட். குட்டையாக இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும், அது கோல்டு. நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850ஐத் தாண்டினால் அது தணல் போலாகி, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அது பிஸ்டனில் ஓட்டை போடும் விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதுதான் ஹீட் ரேஞ்ச் தேர்வு. ஒரு படி மாற்றினால் நுனியின் சூடு ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி மாறும், அதனால் இரண்டு படி தாவுவது சின்ன விஷயமில்லை.

டிரக் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது எஞ்சின் படுகிற சூடும், வெறும் வண்டியாக ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும்போது படுகிற சூடும் ஒன்றல்ல. இப்போது நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை சும்மா எடுத்து ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அட்டவணை சொல்லும் எண்ணிலிருந்து ஒரே ஒரு படி ஹாட் போவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது சுமை ஏற்றப்போகிறீர்கள் என்றால் அட்டவணையின் எண்ணிலேயே நில்லுங்கள். கரி பிடித்தால் கழற்றித் துடைத்துவிடலாம், பிஸ்டன் உருகினால் துடைக்க முடியாது.

எண்களைப் படிக்கும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் கோல்டு. சாம்பியன், பாஷ், ஏசி, ஆட்டோலைட் இவற்றில் எண் ஏற ஏற ஹாட். முற்றிலும் தலைகீழ். சாம்பியனின் என்9ஒய்சி, என்ஜிகேயின் பிபி6ஈஎஸ், பாஷின் டபிள்யூ7டிசி, டென்சோவின் டபிள்யூ20ஈபி ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே பிளக். 9, 6, 7, 20 என்று எண்கள் எப்படி இருக்கின்றன பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் பழைய பிளக்கின் 9ஐ மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, வேறு கம்பெனியில் அதே 9 வாங்கிப் போட்டுவிட்டார். போட்டது மூன்று படி கோல்டு. ஒரு வாரத்துக்குள் ஆறும் அடுப்புக் கரி மாதிரி ஆகிவிட்டது, அவர் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்து நான்கு நாள் வீணாக்கியிருந்தார். எண்ணை மட்டும் எடுக்காதீர்கள், கம்பெனியோடு சேர்த்து எடுங்கள், வேறு கம்பெனிக்குப் போனால் இணைப்பட்டியலைப் பாருங்கள். எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு: என்ஜிகேயில் பி என்ற முதலெழுத்து 14 மி.மீ. மரை, அடுத்து வரும் பி நுனி நீட்டிய ரகம், ஆர் வந்தால் ரெசிஸ்டர், எண்ணுக்குப் பின்னால் ஈ என்றால் 19 மி.மீ. நீளம், எச் என்றால் 12.7. ஒரே ஒரு எழுத்து மாறினால் நான் மேலே சொன்ன டக் டக் சத்தம்தான்.

இப்போது அந்த இரண்டு கறுப்புப் பிளக். இங்கிருந்து நான் சொல்வது ஊகம் என்பதை நினைவில் வையுங்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த, வெல்வெட் மாதிரி, துடைத்தால் விரலில் ஒட்டுகிற கறுப்பா? அது எரியாத பெட்ரோலின் கரி: கலவையில் பெட்ரோல் அதிகம், சோக் முழுதாகத் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, பொறி பலவீனம், இல்லையென்றால் பிளக் ரொம்ப கோல்டு. ஈரமாக, பிசுபிசுப்பாக, பளபளவென்று இருந்தால் அது ஆயில்: ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வ் கைடும் சீலும் போயிருக்கும். ஆயிலுக்கு எந்தப் பிளக்கும் மருந்தில்லை. ஒரு படி ஹாட் போட்டால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அது நோயை மறைப்பது. எல்லாப் பிளக்கும் மங்கலாக இருக்கையில் ஒன்று மட்டும் புதிதாகக் கழுவிவைத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஹெட் கேஸ்கெட் வழியாக அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று உடனே பாருங்கள். பீங்கானில் மிளகு தூவினாற்போல் புள்ளிகள் இருந்தால் எஞ்சின் நாக்கிங் ஆகிறது (கலவை சீராக எரியாமல் வெடித்துத் தட்டுகிறது), டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ள வேண்டும்.

ஆறில் இரண்டு மட்டும் கறுப்பு என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்ட விவரம். கார்புரேட்டர் ஒன்றே ஒன்று, அது கெட்டிருந்தால் பெரும்பாலும் ஆறும் கறுக்கும். எந்த இரண்டு சிலிண்டர் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த இரண்டும் வேறு கம்பெனிப் பிளக் இரண்டும் ஒன்றேதானா? ஒன்றென்றால் விடை சுலபம், அவை தவறான எண். வேறு வேறு என்றால் ஒரு சோதனை செய்யுங்கள்: கறுத்த பிளக்கை நன்றாக இருக்கும் சிலிண்டருக்கும், நல்ல பிளக்கைக் கறுத்த சிலிண்டருக்கும் மாற்றிப் போட்டு, 100 கி.மீ.யாவது ஓட்டிவிட்டுப் பாருங்கள். கறுப்பு பிளக்கோடு போனால் பிளக்கின் குறை. கறுப்பு சிலிண்டரிலேயே நின்றால் சிலிண்டரின் குறை, அல்லது அந்தச் சிலிண்டருக்குப் போகும் ஒயரின் குறை. மாற்றுவதற்கு முன் ஆறும் ஒரே நீளம் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆறில் உயர்ந்த அளவைவிட ஏதாவது ஒன்று கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் பிளக் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினைப் பாருங்கள்.

நிறம் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டிவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சாலையில் சீரான வேகத்தில் நன்றாக ஓட்டி, நிறுத்துகிற இடத்தில் ஐடிலில் விடாமல் சாவியை அணைத்து, சூடு ஆறியதும் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் பழைய புத்தகங்களில் இருக்கும் வண்ணப் படங்கள். பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவற்றில் போட்டிருக்கும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் படம். ஈயப் பெட்ரோல் 1923இல் விற்பனைக்கு வந்தது, சாலை வண்டிகளுக்கு அதைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். அந்த ஈயப் படிவுதான் பிளக்குக்கு அந்தப் பழுப்பைக் கொடுத்ததில் பெரும்பங்கு. இன்றைய ஈயமில்லாப் பெட்ரோலில் ஆரோக்கியமான பிளக் வெளிர்சாம்பலாக, சில சமயம் வெள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கண்டு கலவையில் பெட்ரோல் குறைவு என்று பயந்து ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) பெரிதாக்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் புகைக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பீங்கான் கொப்புளித்தாலோ எலெக்ட்ரோடு நுனி உருண்டு தேய்ந்தாலோதான் பயப்பட வேண்டும். ஒருவேளை செங்கல் நிறத்தில் படிந்திருந்தால் நீங்கள் பெட்ரோலில் ஊற்றும் ஏதோ ஒரு ஆக்டேன் மருந்தில் இரும்போ மாங்கனீஸோ இருக்கிறது. அதை நிறுத்துங்கள், இரும்புப் படிவு மின்சாரத்தைக் கடத்தி மிஸ்ஃபயரைக் கொண்டுவரும்.

இரிடியம் பற்றி. இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், நிக்கல் சுமார் 1,455இல். அதனால் இரிடியத்தில் நடு எலெக்ட்ரோடை ஊசி மாதிரி மெல்லியதாகச் செய்ய முடிகிறது, மெல்லிய நுனியிலிருந்து பொறி தாவக் குறைந்த மின்னழுத்தம் போதும், தேய்மானமும் மெதுவாகத்தான் நடக்கும். இவை உண்மை. ஆனால் இழுவை கூடும் என்பது உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாத பேச்சு. ஏற்கெனவே ஒழுங்காகப் பற்றிக்கொள்கிற கலவை, நுனி மெல்லியதாக இருப்பதால் அதிகமாக எரிந்துவிடாது. இரிடியத்தின் உண்மையான பலன் நீண்ட ஆயுள். ஒரு லட்சம் கி.மீ. கழற்றவே தேவையில்லை என்பது புது எஞ்சினுக்கு வசதி. பழைய கார்புரேட்டர் எஞ்சினிலோ பிளக் தேய்ந்து சாவதற்கு முன்பே கரியிலும் ஆயிலிலும் அடைத்துக்கொள்ளும், நீங்களும் வருடத்துக்கு ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அப்படிக் கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, கேப் வைத்து, 15,000 முதல் 20,000 கி.மீ.யில் மாற்றிவிடுகிற சாதாரண நிக்கல் பிளக்தான் இந்த எஞ்சினுக்கு என் தேர்வு. கடைகளில் "காப்பர் பிளக்" என்று கேட்டால் தருவதும் இதுதான்; தாமிரம் உள்ளே நடுவில் சூடு கடத்த இருக்கிறது, பொறி விழும் நுனி நிக்கல் கலவை. இரிடியம் போட்டால் வண்டி கெடும் என்றும் சொல்ல மாட்டேன், சரியான எண்ணில் போட்டால் ஓடும். நுனியைக் கம்பி பிரஷால் தேய்க்காமலும் கேப் வைக்கும்போது நெம்பாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒடிந்துவிடும்.

ரெசிஸ்டர் பிளக் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம். உள்ளே சுமார் 5,000 ஓம் தடை இருக்கும், ரேடியோவில் வரும் கொரகொர சத்தத்தைக் குறைக்க வந்தது. உங்கள் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அது கட்டாயமில்லை, போட்டால் நஷ்டமும் தெரியாது. பின்னாளில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் மட்டும் அது அவசியமாகிவிடும், தடையில்லாத பிளக்கின் இரைச்சல் அந்தப் பெட்டியைக் குழப்பும்.

கேப்தான் அடுத்த இடம். புதுப் பிளக் பெட்டியிலிருந்து சரியான கேப்போடு வரும் என்று நம்பாதீர்கள், கீழே ஒருமுறை விழுந்திருந்தாலே மாறியிருக்கும். பாயிண்ட் வைத்த எஞ்சின்களுக்கு 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள்தான் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். உங்கள் எஞ்சினின் அளவு கையில் கிடைக்கும்வரை 0.8 வைத்து ஓட்டலாம். கேப்பை அகலமாக்கினால் பொறி பெரிதாகும் என்று கேட்டு 1.1க்கு இழுத்துவிடாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் எல்லா எஞ்சினுக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொண்டுவந்தபோது சில எஞ்சின்களுக்கு 1.5 மி.மீ. என்றே சொன்னார்கள், பிறகு அவர்களே 1.1க்கு இறங்கினார்கள், அந்தக் காயிலுக்கே (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) அது அதிகமாக இருந்தது. பாயிண்ட் சிஸ்டத்தின் காயில் அதைவிட பலம் குறைந்தது, அகலமான கேப்பில் சுமை ஏறும்போது பொறி தாவாமல் மிஸ் அடிக்கும். பக்கவாட்டு எலெக்ட்ரோடை மட்டும் வளையுங்கள், நடுவில் இருப்பதைத் தொட்டால் பீங்கான் விரியும்.

மாட்டும்போது: எஞ்சின் ஆறியிருக்கட்டும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றிக் காற்றடித்துத் தூசியை எடுங்கள், இல்லையென்றால் அந்த மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்துத் திருகி எடுங்கள், எது எந்தச் சிலிண்டர் என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மாட்டி அதைப் பிடித்துத் திருகினால், மரை கோணலாக ஏறத் தொடங்கும்போது ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். விரலால் போகுமட்டும் போன பிறகு, புது வாஷர் பிளக் என்றால் இன்னும் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. கூம்புப் பிளக் என்றால் பதினாறில் ஒரு பங்குச் சுற்று, அவ்வளவுதான். டார்க் ரென்ச் இருந்தால் வார்ப்பிரும்பு ஹெட்டில் 14 மி.மீ. வாஷர் பிளக்குக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், கூம்புக்கு 15 முதல் 25. மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் பூசலாமா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். பிளக் கம்பெனிகள் வேண்டாம் என்கின்றன, மரையில் ஏற்கெனவே பூச்சு இருப்பதால். நான் பூசுவதில்லை. பூசினால் வழுக்கும், அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும், ஆகவே அளவில் மூன்றில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எரிவாயுவுக்கு மாற்றும் எண்ணம் இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். மாற்றினால் பிளக்கையும் மாற்ற வேண்டும்: பொதுவாக ஒரு படி கோல்டு, கேப் கொஞ்சம் குறைவாக, ஏனென்றால் வாயுக்கலவையில் பொறி தாவ மின்னழுத்தம் அதிகம் வேண்டும். எவ்வளவு குறைவு என்பதை மாற்றிக்கொடுக்கும் கிட்டின் குறிப்பிலிருந்து எடுங்கள், பெட்ரோலுக்குச் சொன்ன எண்ணை அப்படியே தொடராதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஆறு பிளக்கையும் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி, நுனி தெரிய ஒரு படமும் எண் தெரிய ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். கூடவே கம்பியில் அளந்த நீளம், வாய் தட்டையா கூம்பா, ஹெட்டில் இருக்கும் வார்ப்பு எண். இந்த மூன்றும் கிடைத்தால் எந்த ஹெட் என்று பார்த்துப் பிளக் எண்ணை நானே அட்டவணையில் தேடிச் சொல்கிறேன். அதுவரை வேறு எதையும் வாங்க வேண்டாம், ஆறில் நீளம் மாறி ஏதாவது இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டும் செய்ய வேண்டாம்.